ஒரு சொல்லும் சில புத்தகங்களும்

மாணவன் ஒருவனுடைய எதிர்காலம் எங்கே நிச்சயிக்கப்படுகின்றது? பரீட்சை மண்டபத்திலே என்று பலர் எண்ணுகின்றனர். ஆசிரியத் தொழிலிலே பல்லாண்டுகளைக் கழித்த நான் அவ்வாறு எண்ணுவதில்லை. எந்தப் பாடங்களை நீ படிக்கலாம் என்று மூத்தவர் ஒருவர் அவனுக்குச் சொல்கின்றாரே, அந்த நாளிலேயே பாதி நிச்சயமாகிவிடுகின்றது. இந்த எண்ணத்தை என்னுள்ளே வேரூன்றச் செய்தது டபிள்யூ. ஈ. பீ. டு போய்ஸ் என்னும் பேரறிஞருடைய வாழ்க்கை.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், மலைகளிடையே ஓர் ஆற்றங்கரையில் அமைந்தது கிரேற் பாரிங்ரன் என்னும் சிற்றூர். 1868 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் நாள் அவர் அங்கே பிறந்தார். அடிமை முறை அந்த நாட்டிலே ஒழிந்து மூன்றாண்டுகளும் நிறையாத காலம் அது. ஊரில் வாழ்ந்த கறுப்பின மக்கள் மிகச் சிலரே. குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பருவத்திலேயே தந்தை பிரிந்து சென்றார். தாயார் பாரிச வாதத்தினால் ஒரு கை வலுவிழந்தவர். ஆயினும் பிறர் வீடுகளில் வேலை செய்து மகனை வளர்த்தார். மகன் ஒரு நாளேனும் பள்ளிக்குச் செல்லாதிருப்பதை அந்தத் தாய் பொறுத்தாரில்லை.

சிறுவனும் சோம்பியிருக்கவில்லை. விறகு பிளந்தான், புல் வெட்டினான், தொப்பிக் கடையொன்றின் அடுப்புக்கு நிலக்கரி இட்டான், பத்திரிகை விற்றான். அந்தக் காசிலே, ஊர்ப் புத்தகக் கடையில் மெக்காலே எழுதிய இங்கிலாந்துச் சரித்திரத்தின் ஐந்து பாகங்களையும் வாரம் இருபத்தைந்து சதம் வீதம் தவணை முறையில் வாங்கிக்கொண்டான். அவன் கண் பதிந்திருந்த இடம் ஹாவாட் சர்வகலாசாலை. அதுவே அந்த மாநிலத்தின் மிகப் பழைய, மிகப் புகழ் வாய்ந்த கல்விக்கூடம். அதன் பிரவேசப் பரீட்சைக்கு இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்றிருத்தல் வேண்டும்.

இங்கேதான் தலைமை ஆசிரியர் பிராங்க் ஹோஸ்மர் வருகின்றார். உயர்தரப் பள்ளியில் சேர்ந்த அந்தக் கறுப்பினச் சிறுவனைப் பார்த்து அவர், அட்சரகணிதம், கேத்திரகணிதம், இலத்தீன், கிரேக்கம் என்னும் பாடங்களை எடுக்கும்படி கூறினார். கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்குரிய பாதை அதுவே. அதனை ஒரு பெரிய விடயமாகவும் அவர் கருதியதாகத் தெரியவில்லை. கிரேக்க நூல்களோ விலை மிகுந்தவை. தாயாரால் வாங்க இயலாதவை. உடன் படித்த மாணவன் ஒருவனின் தாயார், ஆலை முதலாளியின் மனைவி, அவற்றை வாங்கிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் டு போய்ஸ் இந்த நாளை நினைவுகூர்ந்து எழுதியிருக்கின்றார். கறுப்பினத்தவன் நிற்க வேண்டிய இடம் இன்னதே என்ற எண்ணமுடைய வேறொருவர் அந்த ஆசனத்தில் இருந்து, பயிர்த்தொழிலையோ மனைத்தொழிலையோ படி என்று சொல்லியிருப்பின், தாம் அதற்கும் தலையசைத்தே இருப்பார் என்பது அவர் கருத்து. இதை முதன்முதல் வாசித்த போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

1884 இல் பதின்மூவர் அப்பள்ளியில் தேறினர். அவர்களுள் கறுப்பினத்தவர் இவர் ஒருவரே. ஆனால் கதவு உடனே திறந்துவிடவில்லை. அந்தச் சிற்றூர்ப் பள்ளியின் தரம் ஹாவாட் வேண்டிய அளவுக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. கையிலே பணமுமில்லை. அடுத்த ஆண்டு தாயாரும் காலமானார். பெரிய மாளிகையொன்று கட்டப்பட்ட இடத்தில், வேலையாட்களின் நேரத்தைக் குறிக்கும் பணியில் நாளொன்றுக்கு ஒரு டொலர் கூலிக்கு இளைஞர் அமர்ந்தார். தலைமை ஆசிரியரும் சில சமயகுருமாரும் முயன்றதன் பயனாக, நான்கு தேவாலயங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருபத்தைந்து டொலர் தர இசைந்தன. ஆனால் செல்ல வேண்டிய இடம் ஹாவாட் அன்று. தென்னாட்டில் நாஷ்வில் நகரத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக 1866 இல் தோன்றிய பிஸ்க் கல்லூரி.

விரும்பிய கனி எட்டாதபோது கிடைத்த கனியை வெறுப்பார் பலர். இவரோ அதன் சுவையை அறிந்தார். தம் இனத்து இளைஞர் கூட்டத்தை முதன்முதலாக அங்கே கண்டார். விடுமுறைக் காலங்களில் நாட்டுப்புறக் குடிசைப் பள்ளியொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பிற்காலத்து நூல்களுக்கு உயிர் தந்தவை அந்த அனுபவங்களே. 1888 இல் பிஸ்க்கிலே பட்டம் பெற்றபின் ஹாவாட் அவரை ஏற்றது. ஆயினும் அந்தப் பட்டத்தைத் தன் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளாது, மூன்றாம் ஆண்டு மாணவராகவே சேர்த்துக்கொண்டது. அவர் முணுமுணுக்கவில்லை. 1890 இல் சிறப்புடன் தேறினார். இரண்டாண்டுகள் பேர்லினிலே கற்றார். 1895 இல் ஹாவாட்டின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவரானார்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் கல்வியே தக்கது என்று புக்கர் வாஷிங்டன் போன்ற பெரியோர் வற்புறுத்திய காலம் அது. 1903 இல் வெளிவந்த நூலிலே டு போய்ஸ் அதனை மறுத்து, ஆற்றலுடையோருக்கு உயர்கல்வியின் வாயில் அடைபடலாகாது என வாதாடினார். வெறும் கொள்கை வாதமன்று அது. தம் கைக்கு வந்த கிரேக்க நூல்கள் வேறொரு பிள்ளைக்கு வராமற் போகலாம் என்பதை அறிந்தவருடைய வாதம். தம் இனத்தின் உரிமைக்காக அதன்பின்னும் அறுபது ஆண்டுகள் உழைத்து, 1963 ஆகஸ்ட் 27 ஆம் நாள், கானா நாட்டின் அக்ரா நகரில், தொண்ணூற்றைந்தாம் வயதிலே கண்மூடினார். உரிமை கோரி வாஷிங்டன் நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டது அதற்கு மறுநாள்.

இனி என் கதையையும் ஒரு வார்த்தையிற் கூறிவிடுகின்றேன். கூலித்தொழிலாளி ஒருவரின் மகன் என்னிடம் படித்தான். கணிதத்திலே கூர்மையானவன். உயர்கணிதம் படிக்கலாமா என்று அவன் வந்து கேட்டபோது, புத்தகச் செலவையும் வீட்டு நிலைமையையும் எண்ணி, இலகுவான பாடங்களை எடுத்து விரைவிலே உத்தியோகம் தேடிக்கொள் என்றேன். அன்பினாலேயே சொன்னேன். அவனும் தலையசைத்துச் சென்றான். இன்று அவன் குறையின்றி வாழ்கின்றான். என்னைக் கண்டால் வணங்கவும் தவறுவதில்லை. ஆனால் அவன் வணங்குந்தோறும் அந்தத் தலையசைப்பே எனக்கு நினைவு வருகின்றது.

மேதைகளை ஆசிரியர் ஆக்குவதில்லை. ஆயினும் கேட்க வருகின்ற பிள்ளைக்கு, படி என்னும் சொல்லையும், அதற்கு வேண்டிய புத்தகங்களைத் தேடித் தரும் முயற்சியையும் அவரால் அளிக்க முடியும். ஹோஸ்மர் அளித்தது அவ்வளவே. நான் அளிக்கத் தவறியதும் அதுவே.