குரலைக் காட்டிய கண்ணாடி

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் போதித்து, குரலை நம்பியே வாழ்ந்தவன் நான். ஓய்வுக்குப் பின் குரல் கம்மியபோது, பேசிப் பேசித் தேய்ந்த தொண்டைதானே என்று மாதக்கணக்கில் அலட்சியமாக இருந்துவிட்டேன். இறுதியில் மருத்துவர் என் வாய்க்குள் வைத்துப் பார்த்த சிறு கண்ணாடி, மானுவல் கார்சியாவை நினைவூட்டியது.

1805-இல் ஸ்பெயின் நாட்டு இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே குரல் கெட்டதால் மேடையைத் துறந்து, பாரிஸிலும் பின்னர் லண்டனிலும் இசையாசிரியராக விளங்கினார். 1841-இல் குரல் நைந்து வந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டை முதலில் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் செய்து, பிறகே பயிற்றுவித்தார்.

ஒலி பிறக்கும் இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவரது தீராத வேட்கை. 1854-இல் பாரிஸில் ஆறு பிராங்க் கொடுத்துப் பல் மருத்துவரின் கண்ணாடி ஒன்றை வாங்கினார். அதை வெந்நீரில் சூடாக்கித் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சி, தம் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. டூர்க், செர்மாக் என்னும் மருத்துவர்கள் அம்முறையை நோயறியும் வழியாக்கினர். இறந்தபின் செய்யும் பரிசோதனையிலேயே பெரும்பாலும் தெரியவந்த குரல்வளைக் கட்டிகள், உயிரோடு இருப்பவரிடமே புலப்படலாயின. கார்சியா 1906-இல், தமது 101-ஆம் வயதில் லண்டனில் மறைந்தார்.

என் குரல்நாணில் இருந்தது சாதாரணத் தடிப்பு, தப்பினேன். ஆனால் குரல்நாணில் தோன்றும் புற்றுநோயும் இதே கம்மலுடன்தான் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகும், குரலும் மிஞ்சும். மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நான் வீணடித்த மாதங்களை நீங்களும் வீணடிக்க வேண்டாம்.