இமாம் கஸ்ஸாலியின் நா அடைத்தபோது

மேட்டூர்த் தண்ணீர் தாமதித்தாலும், தறி நின்றாலும் நம் திருவிடைமருதூர்ப் பக்கத்தில் பலருக்கு உறக்கம் போய்விடுகிறது. மனம் நோவதை ஈமானின் குறையென்று மறைப்போருக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வை நினைவூட்டுகிறோம்.

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) தூஸில் பிறந்த இமாமவர்கள், 1091-இல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியரானார்கள். சுமார் 300 மாணவர்கள், ஓயாத பணி, பெரும் புகழ். ஆயினும், கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்னும் கேள்வி உள்ளத்தை அரித்தது. ஏறத்தாழ ஆறு மாதம் தத்தளித்தார்கள். 1095-இல் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செரிக்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறதென்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர்.

இமாமவர்கள் அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டுப் பதவியைத் துறந்தார்கள். திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனித்திருந்து, ஹஜ்ஜும் நிறைவேற்றி ஊர் திரும்பினார்கள். 1106-இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். பட்ட துன்பத்தைக் கூச்சமின்றித் தம் நூலிலும் எழுதிவைத்தார்கள். 1111-இல் தூஸிலேயே மறைந்தார்கள்.

நாம் எல்லோரும் வேலையை விட்டுவிட இயலாது. ஆனால் பாரத்தைச் சொல்லலாம், சற்றே இளைப்பாறலாம். மருத்துவரை நாடிய அந்த இமாமே துஆவும் கேட்டார்கள். இரண்டில் ஒன்றையும் நாம் விடவேண்டாம்.