வெள்ளி கடந்த வழி: சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை வளப்பூர் நாட்டை அடைவோர் கண்டிருப்பர்: வண்டியோரத்து மரங்கள் பின்னோக்கி விரையும், எதிர்ச்சரிவுப் பாறைகள் மெல்ல நகரும், தொலைவுக் குன்றுகளோ அசையாது நிற்பனபோல் தோன்றும். பக்கவாட்டில் தெரியும் பொருளின் தொலைவு இருமடங்கானால் அதன் தோற்ற நகர்ச்சி பாதியாகக் குறையும். எவரும் கற்பியாமலே மனம் இவ்வகுத்தற் கணக்கைப் போட்டு ஆழத்தை உணர்கிறது. இடமாறு தோற்றம் எனும் இதனை உலக வானியலார் வெள்ளிக்கோளின்மேல் ஏற்றிப் பார்த்த ஆண்டில், அதனைத் தம் நாட்டார்க்கு விளக்க முன்வந்தவர் இரகுநாதாச்சாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடியில் தோன்றிய இவர், இளமையிலேயே சென்னை வானாய்வகத்திற் பணியேற்று, நார்மன் போக்சன் தலைமையில் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ரெடிக்குலம் எனும் தென்வான் மீன்குழுவில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை மங்கி ஒளிரும் விண்மீன் அது. 1868ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்குச் சென்று நோக்கினார். 1872இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதல் இந்தியர் இவரே.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி கதிரவன் முகத்தைக் கடந்தது. புவியின் வெவ்வேறிடங்களில் நிற்போர் அக்கரும்புள்ளியை வெவ்வேறு தடங்களிற் காண்பர். வெள்ளி நமக்கு 28 பங்குத் தொலைவிலும் அதற்கப்பால் கதிரவன் 72 பங்குத் தொலைவிலும் இருத்தலின், நோக்குவோரிடையேயுள்ள இடைவெளி கதிரவன்மேல் இரண்டரை மடங்கிற்குச் சற்று மிகுந்து விழும். அந்நீளத்தையும் தடங்களிடையே அளந்த கோணத்தையும் கொண்டு கதிரவன் தொலைவு கிட்டும். இக்கடப்பைப் பற்றி இரகுநாதாச்சாரியார் உரையாடல் வடிவில் எழுதிய சிறுநூல் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. கடுங்கணிதத்தை இருவர் பேச்சாக்கிய அத்துணிவு பாராட்டற்குரியது.

ஆயினும் இவர்க்கு அரிய போராட்டம் வேறிடத்தில் இருந்தது. பழஞ்சூத்திரங்களால் கணித்த கோள்நிலையும் கண்ணாற் காணும் கோள்நிலையும் ஒவ்வாதபோது, வானையே சான்றாகக் கொள்ளவேண்டும் என்றார். திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். திதியும் கிரகணமும் சடங்கோடு பிணைந்தவை. ஆகவே மரபாளர் எதிர்த்தனர். பஞ்சாங்கக் குடியினரே இதைச் சொன்னமை அவர்கட்கு மேலும் உறுத்திற்று.

1880 பிப்ரவரி 5 அன்று அவர் மறைந்தார். வெள்ளியின் அடுத்த கடப்பு 1882இல் நிகழ்ந்தது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் தமிழகத்தில் தனித்தனியே அச்சாகின்றன.