பசித்த பிள்ளையாக மேடையேறியவர்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து போனவர்களுக்கு இது தெரியும். கோயில் கண்ணுக்குத் தெரிய முன்னமே, வயல்வெளிக்கு மேலால் லவுட்ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் வந்து சேரும். ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏறும், அங்கே நின்று ஒவ்வொரு எழுத்தையும் பிசகாமல் சொல்லும், பிறகுதான் இறங்கும். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறி வாங்கவும் வழியில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டுக் கேட்ட காலம் அது. சுற்றுகிற பெடியன் களைத்தால் பாட்டு இழுபடும். மற்றப் பாடகர்கள் அந்த இழுவையில் கேலிக்குரலாகிவிடுவார்கள். இந்த அம்மாவின் பாட்டு மட்டும் கொஞ்சம் களைத்த கிழவியின் பாட்டு போலக் கேட்கும், அவ்வளவுதான்.

கே. பி. சுந்தராம்பாள் என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது ஒளவையார்தான். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் தடி. அவர் பிறந்ததே கிழவியாகத்தான் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். அந்த வெள்ளைச் சேலை படத்துக்குக் கட்டிய வேடம் அல்ல என்பதும், 25 வயதிலிருந்து அவர் வீட்டிலும் வெளியிலும் உடுத்த சேலையே அதுதான் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

1908ஆம் ஆண்டு, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' ஊர், 'பி' தாயார் பாலாம்பாள். தகப்பன் பெயர் அதில் இல்லை. கொங்குநாட்டுச் சனத்தின் அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் சோளமும். கேழ்வரகு என்பது வேறொன்றுமல்ல, நாங்கள் பிட்டு அவிக்கிற குரக்கன்தான். நெல்லுச் சோறு ஏழை வீடுகளுக்கு நல்லநாள் பெருநாளில் மட்டும். ஆற்றங்கரை ஊர்தான், ஆனால் காணி இல்லாதவருக்கு ஆற்றங்கரை என்ன, வறண்ட மேடு என்ன. ஈரோட்டிலிருந்து கரூர்ப் பக்கம் போகும் ரயில்பாதை கொடுமுடியைத் தொட்டுப் போகிறது. அந்த ரயில்களில் ஏறிப் பாடி, பயணிகள் கொடுக்கும் சில்லறையை வீட்டுக்குக் கொண்டுபோன சிறுமிதான் சுந்தராம்பாள். தாய்க்கும் தம்பி தங்கைக்கும் அன்றைய அடுப்பு எரிந்தது அந்தப் பாட்டில்.

ரயிலில் பாடிய குரலை யார் முதலில் கேட்டு மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதற்கு இரண்டு மூன்று கதைகள் உண்டு. ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப். ஜி. நடேச ஐயர் என்பார்கள். ஒரு பொலிஸ் அலுவலர் வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்த்துவிட்டார் என்றும் சொல்வார்கள். எதுவாயினும், அந்தப் பிள்ளைக்கு மேடையில் கிடைத்த முதல் பெயர் 'நல்லதங்காள்' நாடகத்தில் வந்தது. நல்லதங்காளின் மூத்த மகன் வேடம். பஞ்சத்தில் அடிபட்டு, தாய்மாமன் வீட்டு வாசலிலும் சோறு கிடைக்காத ஏழு பிள்ளைகளில் மூத்தவன். அவன் பசிக்கிறது என்று பாடும் பாட்டு ஒன்று அந்த நாடகத்தில் உண்டு. அதைப் பாடியபோது கொட்டகையே அழுதது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அழாமல் என்ன செய்யும்? பசியை அந்தப் பிள்ளை ஒத்திகையில் கற்றுக்கொள்ளவில்லையே. நல்லதங்காள் கதையை எங்கள் பக்கத்திலும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கிணற்றடிக் கட்டத்தில் கிழவிகள் எழும்பிப் போய்விடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று.

அதன்பின் அவர் வாழ்க்கை கம்பனி வாழ்க்கை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம். மைக் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் குந்தியிருப்பவனுக்கும் கேட்கப் பாடவேண்டும். விடிந்தபின் கம்பனிச் சாப்பாடு, தூக்கம், அடுத்த ஊருக்குப் பயணம். அந்தக் குரலின் வலு சங்கீதப் பள்ளியில் வந்ததல்ல, இந்தக் கூலிவேலையில் வந்தது.

அந்தப் பயணங்கள் இலங்கைக்கும் வந்தன. அப்போது தமிழகத்து நாடகக்காரர் கொழும்புக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தூத்துக்குடிக் கப்பல். மற்றது 1914இல் திறந்த தனுஷ்கோடி - தலைமன்னார் வழி. தலைமன்னாரில் ஏறினால் மன்னார், மடு, செட்டிகுளம் தாண்டி மதவாச்சியில் பிரதான பாதையைப் பிடித்துக் கொழும்பு போகலாம். ஹார்மோனியப் பெட்டிகளும் சீன் துணிகளும் ஜரிகைச் சட்டைகளும் எத்தனை முறை செட்டிகுளத்துக் காட்டுக்குள்ளால் போயிருக்கும். 2009இல் அதே செட்டிகுளத்தில் தறப்பாள் கூடாரங்களுக்கு முன்னால் தட்டோடு வரிசையில் நின்ற எங்களுக்கு அந்த ஊரைப்பற்றி வேறு நினைவுகள். ரயிலில் போன பாட்டுக்காரர்களை அப்போது யார் நினைத்தார்கள்.

கொழும்பில்தான், 1926ஆம் ஆண்டளவில், செங்கோட்டை கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். இருவருமே உச்ச ஸ்தாயியில் பாடுபவர்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க, சனம் மறுபடி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது. 'வள்ளி திருமணம்' அவர்களுக்கென்றே எழுதியது போல அமைந்தது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் கிழவன் வேடத்தில் வரும் வேலன் முதலில் கேட்பது காதலை அல்ல, பசிக்கு ஏதாவது. தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கி, தண்ணீர் கேட்பான். தேனும் காடும் புனக்காவலும் வன்னியாருக்குப் புதினமா? கதிர்காமத்துக்கு நடந்துபோகும் சனத்துக்கு வள்ளி வீட்டுப் பிள்ளை மாதிரி.

மேடையில் சேர்ந்தவர்கள் 1927இல் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. அவர் உடலும் விரைவில் கெட்டது. கடைசிக் காலத்தில் இருவரும் பிரிந்தே இருந்தார்கள். 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது.

சுந்தராம்பாள் நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர் உடுத்தார். இனி எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பால் குடிப்பதையும் விட்டார். நாடகப் பாட்டுக்காரருக்கு இரவு முழுக்கப் பாடியபின் தொண்டையை ஆற்றுவது சூடான பால்தான். எத்தனையோ பிடித்த பண்டங்கள் இருக்க, தன் தொழிலுக்கே வேண்டியதைத் தெரிந்து விட்டிருக்கிறார். இறக்கும்வரை தொடவில்லை என்கிறார்கள்.

இதைத் தியாகம் என்று புகழ்ந்து எழுதுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்டியவன் போனால் நிறத்தையும் ருசியையும் விடவேண்டும் என்று பெண்ணிடம் எதிர்பார்த்த சமூகம் அது, இன்றும் முழுக்க மாறிவிடவில்லை. சுப காரியத்துக்கு முன்னால் வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட இளம் பெண்கள் எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள், 2009க்குப் பிறகு ஆயிரக்கணக்கில். நான் சுந்தராம்பாளில் பார்ப்பது வேறு. அந்த வெள்ளைச் சேலையோடு அவர் வீட்டு மூலையில் இருக்கவில்லை. கொஞ்சக் காலம் ஒதுங்கியிருந்தவர், எழும்பி வெளியே வந்து, தன் உழைப்பில் குடும்பத்தைத் தாங்கினார். வடக்கில் அம்மாச்சி உணவகங்களில் விடியற்காலையில் உழுந்து அரைத்து, குரக்கன் மாப் பிசைந்து, தோசைக்கல்லுக்கு முன் நிற்கும் பெண்கள் பலருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அவர் திரும்பி வந்த விதமும் சுவையானது. ஆசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'நந்தனார்' படத்துக்குக் கேட்டு வந்தார். மறுத்துப் பார்த்தும் அவர் போகவில்லை. ஆளைத் துரத்துவதற்காக ஒரு லட்சம் ரூபா கேட்டாராம், அவர் சரி என்றுவிட்டார். படம் 1935இல் வந்தது. இந்தியாவில் எந்த நடிகரும் வாங்காத தொகை என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் கட்டிய வேடம் அரசியோ தேவதையோ அல்ல. பண்ணையாரின் வயலில் கூலிக்குப் பாடுபட்டு, சிதம்பரத்தைப் பார்க்க ஒருநாள் விடுப்புக் கேட்டு நிற்கும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரன். ஆண் வேடம் என்பதால் சோடிப் பிரச்சினையும் இல்லை.

காங்கிரஸ் மேடைகளில் பாட அவரை அழைத்துவந்தவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தது பற்றி ஒரு கதை உண்டு. சுந்தராம்பாள் அவருக்குத் தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டாராம். காந்தி அதை அங்கேயே ஏலத்தில் விட்டுப் பணத்தை இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார் என்பார்கள். ரயிலில் கை நீட்டிய பிள்ளை, அதே ஊரில் தங்கத் தட்டில் சோறு போடும் நிலைக்கு வந்திருந்தது.

1940இல் 'மணிமேகலை'யில் நடித்தார். அந்தக் கதையின் பாதி எங்களுடையது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தோடு அவள் போனது பசித்தவரிடம், பிறகு சிறைச்சாலைக்கு. 1953இல் ஜெமினி வாசனின் 'ஒளவையார்' வந்தது. கூழுக்கும் பாடுகிற கிழவி. அந்தப் படத்துக்குப் பிறகு தமிழர் யாருக்கும் ஒளவைக்கு வேறு முகம் இல்லை. 1965இல் 'திருவிளையாடல்' வந்தபோதும் ஒளவை அவர்தான். ஒரு பழத்துக்காகக் கோபித்து மலையேறிய பிள்ளையை ஆற்றுகிற அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் ஊர் முருகன் கோயில்களில் திருவிழா நடப்பதில்லை. இடையில் 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்கும் போனார். திரைத்துறையிலிருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்பார்கள். 'துணைவன்' படப் பாட்டுக்கு 1969க்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

எனக்கு இவையெல்லாவற்றையும்விட முக்கியம் 1964இல் வந்த 'பூம்புகார்'. அதில் அவர் கவுந்தியடிகள். கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை கூட்டிப்போய், ஆயர்பாடியில் மாதரி என்னும் இடைச்சியிடம் கண்ணகியை ஒப்படைப்பவர். அந்த இடைச்சேரிக் குடிசையில்தான் கண்ணகி புருசனுக்குக் கடைசிச் சோறு சமைத்துப் போடுகிறாள். சிலப்பதிகாரத்தில், மதுரையில் நடந்ததைக் கேட்ட கவுந்தி உண்ணாமல் இருந்தே உயிரை விடுகிறார். வெள்ளை உடுத்து, பாலை விட்டு, முப்பது வருசம் கழித்து அந்த வேடத்தில் நிற்கும் சுந்தராம்பாளிடம் நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மதுரைக்குப் பிறகு கண்ணகி எங்கே போனாள் என்று முல்லைத்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நந்திக்கடல் கரைக்கு வந்தாள், ஒரு கிழவியாக. மாடு மேய்த்த இடைச்சிறுவரிடம் பசிக்கிறது என்றாள். அவர்கள் பால்ப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஊற்றி எரிக்கச் சொன்னாள், விளக்கு எரிந்தது. இன்றும் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, அதன்பிறகே வற்றாப்பளையில் பொங்கல். கோயிலடியில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, புக்கை கேட்டு வந்த கிழவிக்கும் கூழுக்குப் பாடிய கிழவிக்கும் முகம் ஒன்றாகவே இருந்தது. எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை, தெரியும்.

சுந்தராம்பாள் 1980இல் காலமானார். நந்திக்கடல் என்ற பெயர் உலகச் செய்திகளில் வந்தது அதற்கு 29 வருசம் கழித்து. கடைசி நாட்களில் அந்தக் கரையில் அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை, சிரட்டையிலும் பேணியிலும் ஏந்திக் குடித்து உயிர் தப்பியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

மே 18க்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் நாட்களும் வைகாசிப் பொங்கலும் அருகருகே வருகின்றன. கஞ்சி காய்ச்சும் இடத்தில் பாட்டுப் போடுவதில்லை. கிடாரத்தில் அகப்பை முட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பொங்கலன்று நந்திக்கடல் பக்கமாக நடந்து போனால், வயலுக்கு மேலால் லவுட்ஸ்பீக்கரில் அந்த அம்மா பாடிக்கொண்டிருப்பார்.