அசரியா அத்தியட்சர்

உலகில் தலைமை பெற்றோர் பலர். தாம் பெற்ற தலைமையைப் பிறர்க்கும் பகிர்ந்தளித்து, தாம் மறைந்த பின்னரும் பணி தடையின்றி நடைபெறச் செய்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவி எய்திய முதல் இந்தியர் இவர் என்பதைப் பலரும் அறிவர். அப்பெருமையினும் பெரிது ஒன்று அவர் வாழ்வில் உண்டு. எழுத்து வாசனையற்றுக் கிடந்த ஏழைக் கிராமங்களிலே, பிறரை நடத்தவல்ல ஆடவரையும் பெண்டிரையும் அவர் எழுப்பினார் என்பதே அது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்து சமயத்தினின்று கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிக் கிராமச் சபையொன்றின் குருவானவராய் விளங்கியவர். 1889இல் தந்தையார் காலஞ்சென்றார். அன்னையார் எலன் அம்மையாரின் பக்தியும் கண்டிப்புமே மைந்தரை உருவாக்கின. மெஞ்ஞானபுரத்திலும் பின்னர்த் திருநெல்வேலியிலும் பயின்ற அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் கற்றார். ஆயினும் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். பட்டம் பெறாத அவருக்குப் பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துத் தன்னையே கௌரவித்துக்கொண்டது எனலாம்.

1895இல் அவர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாக அமர்ந்து தென்னாடெங்கும் சுற்றி வாலிபரைச் சந்தித்தார். அந்நாளில் அமெரிக்கராகிய ஷெர்வுட் எட்டி அவருக்கு உற்ற நண்பரானார். 1898இல், கல்லூரிக் கல்வி கற்ற அன்பு மரியம்மாளை மணந்தார். அம்மையார் இல்லறத்தில் மட்டுமன்றி ஊழியத்திலும் அவருக்கு இறுதிவரை துணைநின்றார்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தமிழகத்திற்கு ஊழியரை அனுப்பி வருதலை அவர் கண்டார். நூறாண்டு கடந்த திருநெல்வேலித் திருச்சபையோ அந்நாள்வரை பிறர் ஈந்ததைப் பெற்றுக்கொண்டிருந்ததேயன்றித் தான் பிறர்க்கு ஈந்ததில்லை. இவ்வெண்ணம் அவர் உள்ளத்தைக் குடைந்தது. ஊர் திரும்பி நண்பரோடு கலந்து, 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தார். ஊழியர் இந்தியர், பொருள் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையதே. சங்கம் தெரிந்துகொண்ட ஊழியக்களம், நிஜாம் அரசுக்குட்பட்ட தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல். ஈராண்டு கழித்து, 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பெற்றபோது கே. டி. பால் முதலியோருடன் அசரியாவும் முன்னின்று உழைத்தார்.

பிறரைப் போகும்படி ஏவுகின்ற தாம் போகாதிருப்பது தகுமோ என்ற வினா அவரை விடவில்லை. 1909இல் காரியதரிசிப் பதவியைத் துறந்து, குருப்பட்டத்துக்கு அபிஷேகம் பெற்று, தோர்ணக்கல் சென்றார். பெயர் பெற்ற சொற்பொழிவாளர், முப்பத்தைந்தாவது வயதில், தெலுங்கு அரிச்சுவடியை மாணவனைப்போல் கற்கத் தொடங்கினார். ஏவுகின்றவனே முதலில் நடத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட தலைமையின் முதற்பாடம்.

1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், அயல்நாட்டு ஊழியரும் இந்திய ஊழியரும் கூடி உழைத்தலைப் பற்றி அவர் பேசினார். மிஷனெரிமாரின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடு நினைக்கும் எனவும், ஆனால் அதற்கு இன்னும் குறைவாயிருப்பது சமநிலையில் நின்று பழகும் நட்பே எனவும் அவர் துணிந்து எடுத்துரைத்தார். கேட்டோருள் சிலர் முகஞ்சுளித்தனர். எனினும் அவ்வுரை இன்றளவும் நினைக்கப்படுகிறது. எசமானனுக்கும் வேலையாளுக்கும் இடையே கூட்டுழைப்பு உண்டாவதில்லை. நண்பர்க்கிடையிலேயே அஃது உண்டாகும் என்பதே அதன் சாரம்.

அசரியாவை அத்தியட்சராக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது எதிர்ப்பும் உடன் எழுந்தது. ஐரோப்பிய மிஷனெரிமார் இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிவரோ என்று சிலர் ஐயுற்றனர். இந்தியக் கிறிஸ்தவருள்ளும் சாதி எண்ணம் நீங்காதோர் தயங்கினர். சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் உறுதியாக நின்று அவரை ஆதரித்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அவர் தவறியிருப்பின், இந்தியர் தலைமைக்குத் தகுதியற்றவர் என்னும் தீர்ப்பு நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஒருவர் தோளின்மேல் ஒரு நாட்டின் மானம் ஏற்றப்பட்டிருந்தது.

அவர் மேய்க்கவேண்டிய மந்தையோ பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், நிலமற்ற கூலியாட்கள், தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் கட்டளைக்குக் குனிந்தே பழகியவர்கள். கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்த அவர்களை நடத்த ஒருவரால் இயலுமோ? இயலாது என்பதை அசரியா நன்குணர்ந்தார். ஆகவே கிராமந்தோறும் உபாத்தியாயர் ஒருவரை அமர்த்த முயன்றார். அவ்வுபாத்தியாயரே பகலில் சிறுவர்க்கு எழுத்தறிவிப்பார். மாலையில் கூலிவேலை முடித்து வருவோரைக் கூட்டி ஜெபம் நடத்துவார். அவருள் சோதித்துத் தேர்ந்தவர் குருத்துவப் பயிற்சிக்கு அனுப்பப்பெற்றனர். பயிற்சிக்கு வருவோர் மனைவி மக்களோடு வந்தனர். மனைவியரும் உடன் கற்றனர். கணவன் பிரசங்கிக்க, மனைவி எழுத்தறியாதிருப்பின் அச்சபையின் பெண்டிரை யார் நடத்துவர்? கைத்தொழிலை இழிவாக எண்ணும் மனப்பான்மை புகாதபடி, மாணாக்கர் நிலத்திலும் உழைத்தனர்.

ஞானஸ்நானம் பெற்றோர் தத்தம் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவித்தல் தம்மேல் விழுந்த கடன் என்று சொல்லும்படி அவர் செய்தார். நேற்றுவரை கேட்போனாக மட்டுமே இருந்தவன், அன்றுமுதல் சொல்வோனுமானான். மாட்டுவண்டியேறிக் கிராமங்களைச் சுற்றிய அத்தியட்சர், அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களையும் ஓட்டினீர்களா என்று சபையாரை வினவுவார். பேயோட்டும் பொறுப்பு அவருடையதன்று, அவர்களுடையது என்பதே அவ்வினாவின் உட்கருத்து. ஏழையாயினும் காணிக்கை செலுத்தற்பாலன் என்று கற்பித்ததும் இதுபற்றியே. கொடுக்கத் தெரிந்தவனே நிமிர்ந்து நிற்பான்.

இம்முறை பலன் தந்தது. அவர் காலத்திலேயே அவ்வத்தியட்சாதீனத்தில் இந்தியக் குருமார் நூற்றுக்கு மேற்பட்டனர். கிராம உபாத்தியாயரும் ஊழியரும் பெருகினர். பல்லாண்டு சிறுகச் சிறுகக் கட்டப்பெற்ற தோர்ணக்கல் பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இந்துக் கோயில் மண்டபத்தையும் முஸ்லிம் கட்டடங்களின் குவிமாடத்தையும் நினைவூட்டும் அவ்வாலயம், இந்நாட்டு மண்ணிலே வேரூன்றிய திருச்சபைக்குச் சான்றாகும்.

குறைகள் இல்லாமலில்லை. மாலர்க்கும் மாதிகர்க்கும் இடையிலிருந்த வேற்றுமை சபைக்குள்ளும் தொடர்ந்தது. அயல்நாட்டுப் பொருளுதவியினின்று முற்றும் விடுபடவும் இயலவில்லை. கூட்டமாக மதம் மாறுதலைக் காந்தியடிகள் ஏற்றிலர். அசரியாவோ, தாழ்த்தப்பட்டோரும் தம் வழியைத் தாமே தெரிந்துகொள்ளும் ஆற்றலுடையர் என்னும் கொள்கையினின்று பிறழ்ந்திலர்.

1919இல் தரங்கம்பாடியில் குருமார் கூடிச் சபைகளின் ஐக்கியத்திற்கு வித்திட்டபோது, அக்கூட்டத்திற்கு அவர் தலைமை வகித்தார். கால் நூற்றாண்டு அதற்காக உழைத்தும் அதன் நிறைவை அவர் காணவில்லை. கிராமச் சுற்றுப்பயணத்திற்குப் பின் காய்ச்சலுற்று, 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் இறைவனடி சேர்ந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உதயமாயிற்று. விதைத்தவர் மறைந்தும் விளைவு நிற்கவில்லை. அவர் பழக்கிய கைகள் பல இருந்தமையால்.

தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆளைத் தேர்தலும், தேர்ந்தபின் நம்பிப் பணியை ஒப்புவித்தலும் ஆள்வோர்க்குரிய அறங்கள். அசரியா அவ்வறத்தை அரசவையில் அன்று, குடிசைகளிலே நடத்திக் காட்டினார். மாணவ நண்பர்காள்! நம் விடுதியிலும் சங்கங்களிலும் ஊர்ச் சபைகளிலும் யாவற்றையும் தாமே செய்வோரைத் தலைவரென்று புகழ்கின்றோம். தாம் விலகியவுடன் பணியும் விழுமாயின், அவர் செய்தது தொண்டேயாயினும் தலைமையன்று. நமக்கு அடுத்திருப்போனிடம் ஒரு பொறுப்பை ஒப்புவித்து, அவன் இடறும்போது அருகில் நின்று, அவன் நிமிர்ந்தபின் விலகக் கற்போமாக. அதுவே தோர்ணக்கல் அத்தியட்சர்க்கு நாம் எடுக்கத்தகும் நினைவுச்சின்னம்.