பைத்துல் முகத்தஸில் சிலை வைக்க மறுத்த ஆளுநர்

அதிகாரத்தில் அமர்ந்திருப்போர் அநீதிக்குத் துணைபோகாமல் இருப்பது எளிதன்று. மேலிடத்து ஆணை என்னும் சொல்லையே கேடயமாகக் கொண்டு கொடுமைகள் புரிந்தோரை வரலாறு மிகுதியாகக் காட்டுகிறது. அக்கேடயத்தை எறிந்துவிட்டு உயிரையே பணயம் வைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஷாம் நாட்டை ஆண்ட ரோம ஆளுநர் பப்ளியஸ் பெட்ரோனியஸ். அவர் பல தெய்வ வணக்கத்தில் வளர்ந்தவர். ஆயினும் பைத்துல் முகத்தஸின் வரலாற்றில் அவருக்கு மறக்கவொண்ணாத இடம் உண்டு.

பெட்ரோனியஸ் உயர்குடியில் தோன்றியவர். கி.பி. 19ஆம் ஆண்டில் ரோமில் கான்சல் என்னும் உயர்பதவி வகித்தார். பின்னர், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான ஆசிய மாகாணத்தை ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆண்டார். கி.பி. 39இல் அந்தாக்கியாவைத் தலைநகராகக் கொண்ட ஷாம் மாகாணத்தின் ஆளுநரானார்.

அக்காலத்தில் ரோமின் அரியணையில் இருந்தவன் காயஸ் கலிகுலா. ஃபிர்அவ்னைப் போன்று தன்னையே தெய்வமென எண்ணிச் செருக்குற்றவன். பலஸ்தீனத்தின் யம்னியா என்னும் ஊரில், யூதரல்லாத சிலர் அவனுக்கென ஒரு பலிபீடம் எழுப்பினர். ஏக இறைவனையன்றி வேறெவரையும் வணங்காத யூதர்கள் அதனை இடித்துத் தள்ளினர். செய்தி எட்டியதும் மன்னன் சினத்தால் கொதித்தான். நபி சுலைமான் (அலை) அவர்கள் எழுப்பிய இறையில்லம் நின்ற அதே இடத்தில், அன்று யூதர்களின் ஆலயம் நின்றது. அதனுள் தன் பெருஞ்சிலையை நிறுவுமாறும், எதிர்ப்போரை வாளால் அடக்குமாறும் பெட்ரோனியஸுக்கு ஆணையிட்டான்.

ஆளுநர் படையுடன் புறப்பட்டு, இன்று அக்கா எனப்படும் தாலமாய்ஸ் துறைமுகத்தை அடைந்தார். ஆங்கே பல்லாயிரவர் திரண்டு வந்தனர். பெண்டிரும் பிள்ளைகளும் உடன் வந்தனர். அவர்கள் கைகளில் ஆயுதம் இல்லை. ஆலயத்தை மாசுபடுத்துமுன் தங்களைக் கொன்றுவிடுமாறு மன்றாடினர். அவர் உள்ளம் இக்காட்சியால் கலங்கியது.

படையைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுப் பெட்ரோனியஸ் தபரிய்யா நகருக்குச் சென்றார். மக்கள் அங்கும் தொடர்ந்து வந்து, தரையில் வீழ்ந்து கழுத்தைக் காட்டி நின்றனர். விதைப்புக் காலமாயிருந்தும் நாற்பது நாட்கள் வயல்களை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் பஞ்சம் வரும், கொள்ளை பெருகும், வரி வாராது என்பதை ஆளுநர் உணர்ந்தார். அதனினும் மேலாக, குற்றமற்ற இத்தனை உயிர்களை ஒருவனுடைய செருக்குக்குப் பலியிட அவர் மனம் ஒப்பவில்லை. ஸைதா நகரில் சிலை வடித்துக்கொண்டிருந்த சிற்பிகளிடம் பணியை விரைவுபடுத்த வேண்டாமென முன்னரே உணர்த்தியிருந்தார். இப்போதோ மக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆணையைக் கைவிடுமாறு மன்னனுக்கே கடிதம் எழுதத் துணிந்தார். அக்கடிதம் தம் உயிருக்கு உலை வைக்கக்கூடும் என்பதை அறிந்தே எழுதினார். மழையின்றி வாடிய அந்த ஆண்டில், அவர் மக்களிடம் பேசி முடித்த அன்றே மழை பொழிந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசிபஸ் எழுதியுள்ளார்.

இதற்கிடையே ரோமிலிருந்த யூத மன்னர் அக்ரிப்பா, தம் நண்பனான கலிகுலாவிடம் வேண்டிச் சிலைத் திட்டத்தைக் கைவிடச் செய்தார். ஆயினும் பெட்ரோனியஸின் கடிதம் கண்டதும் மன்னனின் சினம் மூண்டது. ஆணையை மீறிய குற்றத்துக்காகத் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டுமென ஆளுநருக்கு ஓலை விடுத்தான்.

ஆனால் இறைவனின் நாட்டம் வேறாக இருந்தது. மரண ஓலை சுமந்த கப்பல் புயலில் சிக்கி மூன்று திங்கள் கடலில் தத்தளித்தது. கி.பி. 41 ஜனவரியில் கலிகுலா தன் மெய்க்காவலர்களாலேயே வெட்டுண்டு மாண்டான். அச்செய்தியைச் சுமந்த கப்பலோ நல்ல காற்றில் விரைந்து வந்தது. மன்னன் மாண்ட செய்தி கிடைத்து 27 நாட்கள் கழிந்த பின்னரே மரண ஓலை ஆளுநரின் கைக்கு எட்டியது. ஆணையிட்டவன் மண்ணுக்குள் இருந்தான். ஆணை பெற்றவர் உயிருடன் இருந்தார்.

அதன் பின்னரும் அவர் நீதி வழுவவில்லை. கடற்கரை நகரான தோராவில் சில இளைஞர்கள் யூதர்களின் தொழுகைக் கூடத்தில் மன்னரின் சிலையை வைத்தபோது, நகரத் தலைவர்களைக் கண்டித்து, குற்றவாளிகளைத் தம்மிடம் கொணருமாறு பணித்தார். கி.பி. 42 அளவில் அவர் பதவிக்காலம் முடிவுற்றது.

தம் சமயத்தைச் சாராத மக்களின் வணக்கத்தலத்துக்காகத் தம் பதவியையும் உயிரையும் பணயம் வைத்தார் அவர். வானளாவ நிற்கும் என்று கலிகுலா எண்ணிய சிலை அந்த ஆலயத்தினுள் நுழையவே இல்லை. சிறு பதவிக்கும் சிறு இலாபத்துக்கும் மனச்சாட்சியை அடகு வைக்கும் வேளை நம் வாழ்விலும் வரலாம். அவ்வேளையில் அந்த ஆளுநரை நாம் எண்ணிப் பார்ப்போமாக!