வீரத்துக்கு முகம் தந்த தூரிகை

ஜப்பான் நாட்டின் சாமுராய் வீரர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். இடையில் இரு வாள் தாங்கி, தலைவனுக்காக உயிரையும் தரத் துணிந்தவர்கள் அவர்கள். குனியோஷி (1798–1861) என்ற ஜப்பானிய ஓவியர், தாம் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த நாற்பத்தேழு வீரர்களை வண்ண அச்சுப் படங்களாகத் தீட்டிப் புகழ் பெற்றார். கண்ணால் காணாத வீரரின் நெஞ்சுரத்தைத் தூரிகையால் காட்டுவது எளிதா? நூறு ஆண்டு என்ன, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வீரரையும் கண்முன் நிறுத்தினார் நம் தமிழ் ஓவியர் ஒருவர். அவரே ஓவியர் மணியம்.

1924ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்த இவரது இயற்பெயர் சுப்பிரமணியம். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றார். இளம் வயதிலேயே இவரது திறமையைக் கண்டுகொண்டவர் பேராசிரியர் கல்கி. தாம் 1941இல் தொடங்கிய 'கல்கி' வார ஏட்டில் இவருக்கு இடமளித்தார். அதோடு நிற்கவில்லை, அஜந்தா குகைகளுக்கும் தம்முடன் அழைத்துச் சென்றார். அங்குள்ள பழஞ்சுவர்களே மணியத்துக்கு இரண்டாவது கல்லூரி ஆயின எனலாம்.

1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை தொடங்கியபோது மணியத்துக்கு வயது இருபத்தாறு. 1954 வரை, மூன்றரை ஆண்டுக் காலம், வாரந்தோறும் படம் வரைந்தார். சோழர் காலத்து ஆடை எப்படி? அணிகலன் எப்படி? வாளின் பிடி எப்படி? எடுத்துப் பார்க்கப் புகைப்படமா உண்டு? கோயில் சிற்பங்களும் சுவரோவியங்களும் செப்புத் திருமேனிகளுமே துணை. கதைக்காகக் கல்கியோடு இலங்கைக்கும் சென்று, பழைய நகரங்களைப் பார்த்து வந்தார். அந்நாளில் படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சிட வேண்டும். தாளும் மட்டமானது. நுணுக்கமான கோடு சிறிது பிசகினாலும் முகம் கறையாகிவிடும். இத்தனைக்கும் நடுவில், வாரம் தவறாமல் படங்கள் வெளிவந்தன.

நம் அண்டை மாவட்டமான அரியலூரில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்னும் ஊர்களை அறியாதார் உண்டோ? அங்கே ஆண்ட பழுவேட்டரையர்களே அக்கதையின் பெரு வீரர்கள். அவர்கள் காலத்துக் கற்கோயில்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. ஆனால் அவர்களின் முகத்தை நாம் எங்கே கண்டோம்? மணியத்தின் கோட்டில்தான் கண்டோம்! அறுபத்து நான்கு விழுப்புண் ஏற்றவர் என்று கதை கூறும் பெரிய பழுவேட்டரையரை அவர் வெறும் முரடராகக் காட்டவில்லை. அந்த மீசைக்குப் பின்னே முதுமையின் களைப்பும், மனத்தின் தடுமாற்றமும் தெரியுமாறு வரைந்தார். வந்தியத்தேவனின் விழிகளிலோ துணிவோடு குறும்பும் துள்ளும். வாளை யாரும் வரைந்துவிடலாம். வாள் ஏந்தியவனின் உள்ளத்தை வரைவதே கலை.

வீரம் ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் அவர் தூரிகை மறக்கவில்லை. கொந்தளிக்கும் கடலில் தனியே படகு செலுத்தும் பூங்குழலியின் கையில் வாள் இல்லை, துடுப்புதான் இருக்கிறது. நாட்டின் நலனையே எண்ணும் குந்தவையின் கையில் அதுவும் இல்லை. ஆயினும் அவர்களின் நிமிர்ந்த பார்வை எந்த வீரனுக்கும் குறைந்ததா?

தொடர் முடிந்த 1954ஆம் ஆண்டின் இறுதியில் கல்கி மறைந்தார். மணியமும் நெடுங்காலம் வாழவில்லை. 1968இல், நாற்பத்து நான்காம் வயதில், உலகை நீத்தார். எழுத்தாளரின் பெயர் வீடுதோறும் ஒலிக்க, ஓவியரின் பெயரோ படத்தின் மூலையில் சிறு கையொப்பமாகவே நின்றது. ஆயினும் அவர் பணி அழியவில்லை. அக்கதை பின்னாளில் மீண்டும் மீண்டும் வெளியானபோது வினு, பத்மவாசன் முதலிய ஓவியர்கள் அழகுறப் படம் தீட்டினர். யார் தீட்டினாலும், மணியத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர் வழக்கமாயிற்று. 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாக வந்தபோதும், மூத்தோர் பலர் நினைவில் எழுந்தவை அப்பழைய கோட்டோவியங்களே. அவர் மகனும் தந்தை வழியில் புகழ்பெற்ற ஓவியரானார்.

தோழியரே! நம்முள் ஓவியம் தீட்டுவோர் பலர் உளர். பிறர் வரைந்ததைப் பார்த்து வரைவதோடு நாம் நின்றுவிடுகிறோம். மணியமோ கல்லையும் சுவரையும் தேடிச் சென்று, கண்டு, உணர்ந்து, பிறகே கோடு இழுத்தார். நம் மாவட்டங்களிலும் கங்கைகொண்ட சோழபுரம் உண்டு. பழுவூர்க் கோயில்கள் உண்டு. அடுத்த விடுமுறையில் அங்கு செல்லும்போது, ஒரு தாளும் பென்சிலும் உடன் எடுத்துச் செல்வோம். ஒரு சிற்பத்தின் முன் பொறுமையாக அமர்வோம். நாளை ஒரு பூங்குழலிக்குப் புதிய முகம் தரும் கை, நம் பள்ளியின் கையாகவும் இருக்கலாம் அன்றோ!